வற் வரி மாறியபோது ஆர்பிஜியில் புரொசீஜருக்கு மாறினோம்

2022 ஜூன் 1ஆம் திகதி இலங்கையில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 8 வீதத்திலிருந்து 12 வீதமானது. செப்டெம்பர் 1ஆம் திகதி 15. ஒக்டோபர் 1ஆம் திகதி அதன் தலையில் சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி என்று இன்னொரு 2.5 வீதம். நாட்டில் டீசல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் பாதி நேரம் இல்லை, வரி வீதத்துக்கு மட்டும் ஒரு குறையும் இருக்கவில்லை. கடைக்காரர் பில் புத்தகத்தில் ஒரு எண்ணை வெட்டி இன்னொரு எண்ணை எழுதிவிட்டுப் போவார். நான் பார்க்கும் வேலையில் அது அப்படி முடியாது.

நான் திருகோணமலை உவர்மலையில் வீட்டில் இருந்துகொண்டு, கொழும்பில் உள்ள ஒரு விநியோகக் கம்பனியின் ஐபிஎம் மெஷினில் ஆர்பிஜி என்ற புரோகிராமிங் மொழியில் எழுதுகிறவன். 1988இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வந்த சாதி அந்த மெஷின். பிறகு ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி மாறி, 2008இலிருந்து பவர் சிஸ்டம்ஸ் மெஷினில் ஓடும் ஐபிஎம் ஐ ஆகிவிட்டது. ஆனால் கம்பனியில் இன்னும் எல்லோரும் “ஏஎஸ் போர் ஹண்ட்ரட்” என்றுதான் சொல்வார்கள். மெயின்பிரேமும் இல்லை, பிசி சேர்வரும் இல்லை, நடுவில் நிற்பதால் மிட்ரேஞ்ச். பச்சை எழுத்துத் திரையைப் பார்த்துவிட்டு இது மியூசியத்துச் சாமான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தத் திரை 24 வரி, 80 எழுத்து. அதற்குத் தேவைப்படும் டேட்டா மிகக் கொஞ்சம். மாரி மழையில் இங்கே இன்டர்நெட் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, மற்றவர்களின் வீடியோ மீட்டிங் எல்லாம் உறைந்துபோய் நிற்கும், என் திரை மட்டும் பாட்டுக்கு ஓடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வற் வரியை மாற்று என்று மின்னஞ்சல் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, சோர்ஸ், அதாவது எழுதி வைத்திருக்கும் புரோகிராம் கோட், முழுவதிலும் .08 எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவது. தேடினால் வரும். இன்வொய்ஸில் வரும், கிரெடிட் நோட்டில் வரும், விலைப்பட்டியல் ரிப்போர்ட்டில் வரும், யாரோ எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோன மாத முடிவுப் புரோகிராமில் வரும். அதோடு சம்பளப் புரோகிராமிலும் வரும், ஏனென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) ஊழியரிடமிருந்து பிடிப்பது 8 வீதம். கண்ணை மூடிக்கொண்டு .08ஐ எல்லாம் .12 ஆக்கியிருந்தால் அந்த மாதம் முழுக் கம்பனிக்கும் சம்பளம் குறைந்திருக்கும். அது தப்பினாலும் செப்டெம்பரில் .12ஐத் தேடும்போது என்ன வரும்? ஈபிஎஃப்புக்குக் கம்பனி கட்டும் பங்கு 12 வீதம். அதுவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எண்ணைப் பார்த்து அது எந்த எண் என்று சொல்லவே முடியாத ஒரு கோட் தளத்தில் தேடி மாற்றுவது வேலைக்கே ஆகாது.

அதனால் ஒவ்வொரு புரோகிராமையும் திறந்து வாசிக்க வேண்டி வந்தது. அப்போது என்னோடு ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருந்தான். கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் படித்துவிட்டு வந்தவன், ஜாவாவும் பைதனும் கையில். ஆர்பிஜியை அவன் முதலில் பார்த்தபோது எந்த எழுத்து எந்த நிரலில் (கொலத்தில்) நிற்கவேண்டும் என்பதில் திண்டாடுவான் என்று நினைத்தேன். அதெல்லாம் இரண்டொரு நாளில் பழகிவிட்டான். அவன் நின்ற இடம் வேறு. இன்வொய்ஸ் புரோகிராமில் வரி கணக்கிடும் சப்ரூட்டீனைக் காட்டி, “அண்ணா, இது என்னத்தை எடுத்து என்னத்தைத் திருப்பித் தருது?” என்று கேட்டான்.

“எல்லாத்தையும் எடுக்கும், எதையும் தரும்” என்றேன். பகிடிக்குச் சொன்னதுதான், ஆனால் பொய் இல்லை.

ஆர்பிஜி தெரியாதவர்களுக்காக: சப்ரூட்டீன் என்பது ஒரே புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு துண்டு. அதற்குப் பராமீட்டர், அதாவது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு, கிடையாது, தனக்கென்று ஒரு வேரியபிள்கூடக் கிடையாது. புரோகிராமில் உள்ள எல்லா ஃபீல்டும் (மதிப்பை வைக்கும் இடம்) எல்லாச் சப்ரூட்டீனுக்கும் பொது. கூட்டுக் குடும்பத்துக் குசினி மாதிரி, யார் எந்தப் போத்தலைத் திறந்து எதைக் கலந்துவிட்டுப் போனார்கள் என்று சமைத்து முடித்த பிறகுதான் தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சப்ரூட்டீன் தொகையை ஒரு வேலை ஃபீல்டில் போட்டுப் பெருக்கியது. அதே ஃபீல்டைக் கழிவு கணக்கிடும் சப்ரூட்டீனும் பாவித்தது. எது முதலில் ஓடுகிறது என்பதில்தான் விடை சரியாக வருவதே தங்கியிருந்தது. அது போதாதென்று, வரி பூச்சியம் என்றால் இன்டிகேட்டர் 37 என்ற ஒன்/ஓஃப் சுவிட்சை ஒன் பண்ணிவிட்டுப் போனது. அந்த 37 எதற்கென்று தேடிப்போனால், நானூறு ஐந்நூறு வரிக்கு அப்பால் ஒரு திரை ஃபீல்டைச் சிவப்பாக்குகிறது. பழைய ஆர்பிஜியில் இன்டிகேட்டர்களுக்குப் பெயர் கிடையாது, 01 முதல் 99 வரை எண்தான். எழுதியவர் மனதில் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், கோட்டில் இல்லை.

இதற்கு மாற்று புரொசீஜர், பராமீட்டர் வாங்கி, தனக்கென்று வேரியபிள் வைத்திருக்கும் துண்டு. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அடிக்கிற மந்திரம், ஒருமுறை எழுது, எங்கும் பாவி. உண்மைதான், ஆனால் என் கணக்கில் அது இரண்டாவது இலாபம். முதல் இலாபம், ஒரு துண்டுக் கோட் எதைத் தொட முடியும், எதைத் தொட முடியாது என்பதை அதன் தலைப்பை மட்டும் வாசித்தே சொல்லிவிடலாம் என்பது. இன்ன தொகை, இன்ன திகதி உள்ளே போகும், இன்ன வரி வெளியே வரும், நடுவில் பாவிக்கிற வேரியபிள் எல்லாம் உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாவிக்கிற கோட்டாக இருந்தாலும் இதற்காகவே நான் அதைப் புரொசீஜராக எழுதுவேன்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஆர்பிஜி 1959இல் வந்த மொழி. ஆர்பிஜி போர் வந்தது 1994இல், அதற்குப் பிறகு 90களின் நடுப்பகுதியிலேயே புரொசீஜர் எழுதும் வசதியும் வந்துவிட்டது. 2001இல் கணக்கீட்டு வரிகளை நிரல் பார்க்காமல் சுதந்திரமாக எழுதலாம் என்றானது, 2013 கடைசியில் ஃபைல், வேரியபிள் அறிவிப்புகளுக்கும் அந்த வசதி வந்தது. ஆக 2022இல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கோட், மொழி கால் நூற்றாண்டுக்கு முன்பே கொடுத்துவிட்ட வசதியை எடுத்துக்கொள்ளாத கோட். இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்வது சுலபம், ஆனால் அநியாயம். அந்தக் கோட் ஓடியது. சுனாமிக்கு முதலும் ஓடியது, பிறகும் ஓடியது. ஓடுகிற சாமானில் கை வைக்க யாரிடம் போய் அனுமதி கேட்பது?

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய ஒரு அண்ணை இருக்கிறார், ஓய்வுபெற்றுத் திருகோணமலைக்கே வந்துவிட்டார். பின்னேரங்களில் டச் பே கடற்கரையில் நடப்பார், நானும் சிலவேளை கூட நடப்பேன். புரொசீஜருக்கு மாறப்போகிறேன் என்றதும் அவர் சொன்னார்: “தம்பி, ஓடுறதைத் தொடாதையும். நீர் ஒண்டைத் திருத்தப் போய் ஒன்பதை உடைப்பீர்.” அவர் அனுபவத்தில் சொன்னதுதான். அந்தக் காலத்தில் பொதுவான வேலையைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் ஒரே வழி அதைத் தனிப் புரோகிராமாக்கிக் கோல் பண்ணுவது. அந்தக் கோலுக்கு நேரமும் பிடிக்கும், அதைவிடப் பெரிய ஆபத்து பராமீட்டரில். கொடுக்கிற பக்கத்தில் ஃபீல்ட் ஏழு இலக்கம், வாங்குகிற பக்கத்தில் ஒன்பது இலக்கம் என்றால் கொம்பைலர் (கோட்டை மெஷின் ஓடக்கூடியதாக மாற்றுவது) வாய் திறக்காது. ஓடும்போதுதான், அதுவும் மாதக் கடைசி இரவில்தான், டெசிமல் டேட்டா எரர் என்று வந்து நிற்கும், இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, எரர் ஒன்றும் வராமல் பக்கத்து ஃபீல்டின் குப்பையையும் சேர்த்து வாசித்துக்கொண்டு போகும். அப்படிப் பட்ட ஒருவர், இருக்கிற சப்ரூட்டீனைக் கொப்பி பண்ணி அடுத்த புரோகிராமில் ஒட்டுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்ததில் என்ன பிழை?

ஆனால் அவர் பயந்த அதே விஷயத்தைத்தான் புரோட்டோடைப் தீர்த்துவைக்கிறது. புரொசீஜருக்கு என்ன வகை, எத்தனை இலக்கம் போகவேண்டும் என்று ஒரு பொது சோர்ஸ் துண்டில் எழுதி, கோல் பண்ணுகிற எல்லாப் புரோகிராமும் அதையே கொப்பி பண்ணி எடுத்துக்கொள்ளும். பொருந்தாததைக் கொடுத்தால் கொம்பைலே ஆகாது. கொன்ஸ்ட் என்ற ஒரு சொல்லைப் பராமீட்டரோடு சேர்த்துவிட்டால் இன்னும் வசதி: ஏழு இலக்க ஃபீல்டைக் கொடுத்தாலும் கொம்பைலரே தேவையான அளவில் ஒரு தற்காலிகப் பிரதி எடுத்து அனுப்பும், உள்ளே இருப்பவன் அதை மாற்றவும் முடியாது. பராமீட்டரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற தேவை இல்லாத இடமெல்லாம் நான் கொன்ஸ்ட் போடுவேன். புரோகிராமோடு கட்டிச் சேர்த்த புரொசீஜரைக் கூப்பிடுவது பழைய கோலைவிட வேகம் என்பதால் அண்ணையின் மற்றக் கவலையும் தீர்ந்தது. இதையெல்லாம் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, “அப்ப டிபக் பண்ணேக்க எத்தினை சோர்ஸைத் திறக்க வேணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூடத்தான் திறக்க வேண்டும்.

பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. “நவீனமயப்படுத்தல்” என்று ஒரு கடதாசி எழுதிக்கொண்டு மனேஜ்மென்டிடம் போயிருந்தால் இன்றைக்கும் அது ஒரு மேசையில் கிடந்திருக்கும். எப்படியும் வரி வீதத்துக்காக அந்தப் புரோகிராமைத் திறக்கத்தான் வேண்டும், திருத்தத்தான் வேண்டும், சோதிக்கத்தான் வேண்டும். திறக்கும்போது அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு அதே இடத்தில் புரொசீஜரைக் கூப்பிடும் ஒரு வரியைப் போட்டோம். சோதனைச் செலவு ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. ஜூனில் அவசரத்தில் எண்ணை மட்டும் மாற்றிய புரோகிராம்கள் செப்டெம்பரில் மாறின. மற்றச் சப்ரூட்டீன்களை அப்படியே விட்டோம், இன்டிகேட்டர் 37 உட்பட.

புரொசீஜரை எழுத உட்கார்ந்தபோதுதான் அடியில் கிடந்த அழுக்கு மேலே வந்தது. எத்தனையோ இடத்தில் செய்த ஒரே கணக்கு ஒரே கணக்காக இருக்கவில்லை. ஒன்று இன்வொய்ஸின் ஒவ்வொரு வரிக்கும் வற் கணக்கிட்டு அரைச் சதத்தை மேலே தள்ளிக் கூட்டியது. இன்னொன்று மொத்தத்துக்கு மட்டும் கணக்கிட்டது. மூன்றாவது ஒன்று ரவுண்ட் பண்ணவே இல்லை, இரண்டு தசமத்துக்குப் பிறகு வருவதை வெட்டி எறிந்தது. 10.10 ரூபா சாமான் மூன்று வரியில் இருக்கிறது என்று வையுங்கள், 15 வீத வற். வரிக்கு வரி ரவுண்ட் பண்ணினால் 1.52 மூன்று தடவை, 4.56. மொத்தம் 30.30க்குப் பண்ணினால் 4.55. வெட்டி எறிந்தால் 1.51 மூன்று தடவை, 4.53. ஒரே இன்வொய்ஸ், மூன்று விடை. விற்பனை லெட்ஜரும் வற் ரிப்போர்ட்டும் மாதா மாதம் சில ரூபா பொருந்தாமல் போனதற்கும், கணக்குப் பிரிவில் அதற்கென்றே ஒரு “ரவுண்டிங்” பதிவு போட்டுக்கொண்டிருந்ததற்கும் காரணம் இதுதான். எது சரி என்று நான் தீர்மானிக்கவில்லை. கணக்காளரிடம் மூன்று விடையையும் வைத்தேன், அவர் ஒன்றைச் சொன்னார், அது புரொசீஜருக்குள் போனது. கோட் பல இடத்தில் சிதறிக் கிடந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவே இல்லை.

அடுத்தது திகதி. வீதத்தைப் புரொசீஜருக்குள் ஒரு எண்ணாகப் போட்டால் பாதி வேலைதான். ஒரு சின்ன ஃபைல் வைத்தோம், அமுலாகும் திகதி, வீதம், அவ்வளவுதான். புரொசீஜருக்குத் தொகையோடு திகதியும் போகும். ஏன் என்றால், ஓகஸ்டில் விற்ற சாமான் செப்டெம்பரில் திரும்பி வந்தால் அதற்குக் கிரெடிட் நோட் ஓகஸ்ட் வீதத்தில்தான் அடிக்கவேண்டும். பழைய கோட்டில் இதற்கு வழியே இல்லை, வீதம் மாறிய முதல் இரண்டு மூன்று கிழமை பில்லிங் பிரிவில் கையால் திருத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. வேகத்துக்காக அந்த வீத ஃபைலை ஒருமுறை வாசித்து ஸ்டட்டிக் வேரியபிளில் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். ஸ்டட்டிக் என்றால் பெரும்பாலும் அந்த ஜொப் (ஒருவர் சைன் ஒன் பண்ணியதிலிருந்து ஓடும் அமர்வு) உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். களஞ்சியத்தில் காலையில் சைன் ஒன் பண்ணி, நாட்கணக்காக சைன் ஓஃப் பண்ணாமல் விட்டிருக்கும் டெர்மினல்கள் உண்டு. புது வீதத்தை ஃபைலில் போட்டாலும் அந்த டெர்மினலுக்கு அது தெரியாது. ஒன்றில் முன்கூட்டியே பதிவைப் போடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். ஒரு கீ வாசிப்புக்கு அந்த மெஷின் அலட்டிக்கொள்ளாது.

2024 ஜனவரி 1ஆம் திகதி வற் 18 வீதமானபோது டிசெம்பரிலேயே ஃபைலில் ஒரு பதிவு போட்டோம், வீதத்துக்கான வேலை அதோடு சரி. ஆனால் அதே நாளில் அதுவரை வற் விலக்கு இருந்த பல பொருட்களுக்கு விலக்கு எடுபட்டது. விலக்கு என்பது அதுவரை பொருள் மாஸ்டர் ஃபைலில் ஒரு கொடி, ஆம் அல்லது இல்லை. இப்போது அதுவும் திகதியோடு சேர்ந்த விஷயமாகிவிட்டது. புரொசீஜருக்குப் பொருள் குறியீட்டையும் ஒரு பராமீட்டராகச் சேர்த்தோம், விரும்பினால் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் ஓடும் என்ற வகையில். உள்ளே எத்தனை பராமீட்டர் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் கொடுக்காத பராமீட்டரை வாசிக்கப்போய்க் கவிழும். பொருள் குறியீடு தேவைப்படாத பழைய புரோகிராம்களைக் கொம்பைல்கூடப் பண்ணவில்லை.

கொம்பைல் பண்ணத் தேவை இல்லை என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைத் தெரியாமல்தான் பலர் புரொசீஜரைக் கைவிட்டு மறுபடி சப்ரூட்டீனுக்குப் போகிறார்கள். புரொசீஜர் இருக்கும் மொடியூலை (கொம்பைல் பண்ணிய துண்டு) நேரடியாகவே ஒவ்வொரு புரோகிராமோடும் கட்டலாம். அப்படிக் கட்டினால் அதன் பிரதி ஒன்று ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் போய் உட்காரும். பிறகு மொடியூலைத் திருத்தினால் பிரதிகள் திருந்தாது. பழையபடி எல்லாவற்றையும் தேடிப் பிடித்து மறுபடி கட்டவேண்டும், கொப்பி பேஸ்டுக்கும் இதற்கும் பிறகு என்ன வித்தியாசம். அதனால் மொடியூலைச் சேர்விஸ் புரோகிராமாக்கி, மற்றப் புரோகிராம்கள் அதைச் சுட்டிக்கொண்டு மட்டும் இருக்கும்படி செய்யவேண்டும். அதில் திருத்தினால் அடுத்து ஆரம்பிக்கும் ஜொப்கள் எல்லாவற்றுக்கும் திருத்தம் போய்ச் சேரும்.

சேர்விஸ் புரோகிராமுக்கு ஒரு சிக்னேச்சர் இருக்கும். அது வெளியே காட்டும் புரொசீஜர் பெயர்களையும் வரிசையையும் வைத்து மெஷின் தானாகச் செய்வது. எல்லாவற்றையும் வெளியே காட்டு என்று சும்மா விட்டுவிட்டால், நாளைக்கு ஒரு புதுப் புரொசீஜரைச் சேர்த்ததும் சிக்னேச்சர் மாறும், அதை நம்பியிருந்த புரோகிராம்கள் எல்லாம் காலையில் ஒன்றாக வரிசையில் நின்று விழும். சிக்னேச்சர் பொருந்தவில்லை என்று வரும் எம்சிஎச்4431 செய்தியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இதற்குப் பைண்டர் சோர்ஸ் என்று ஒரு சின்னத் துண்டு எழுதவேண்டும், எந்தப் புரொசீஜர் எந்த வரிசையில் வெளியே தெரியவேண்டும் என்று. புதிதாக வருவதைக் கடைசியில் மட்டும் சேருங்கள், பழைய பட்டியலையும் முந்தியது என்று குறித்து அப்படியே வைத்திருங்கள். சிலர் சிக்னேச்சரைக் கையால் ஒரே பெயராக நிரந்தரமாக வைத்துவிடுவார்கள், நானும் அப்படித்தான். ஆனால் அப்படி வைத்துவிட்டு நடுவில் ஒரு பெயரைச் செருகினால் எரர் வராது. இரண்டாவதைக் கூப்பிட்ட பழைய புரோகிராம், இப்போது இரண்டாவது இடத்தில் நிற்கும் வேறு ஒருவரைப் போய்க் கூப்பிடும். எரர் வருவது எவ்வளவோ மேல்.

இன்னொரு சில்லறைத் தொல்லை: புரொசீஜர் உள்ள புரோகிராமைக் கொம்பைல் பண்ணும்போது டிபோல்ட் அக்டிவேஷன் குறூப் (ஜொப்புக்குள் புரோகிராம் ஓடும் வழக்கமான பகுதி) வேண்டாம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் முதல் கொம்பைலிலேயே திட்டும். அதைக் கொமாண்டில் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்துப் போடாமல் சோர்ஸின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் தலைவலி இல்லை.

வற் வரி முடிந்ததும் தம்பி தானாகவே அடுத்ததை எடுத்தான், தேசிய அடையாள அட்டை இலக்கம். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸும். 2016இலிருந்து புதிய அட்டைகளுக்குப் பன்னிரண்டு இலக்கம், எழுத்துக் கிடையாது. எங்கள் வாடிக்கையாளர் ஃபைலில் பத்து எழுத்து ஃபீல்ட். 2016க்குப் பிறகு புதியதைப் பதிய ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள், ஒருவர் முதல் இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டுப் பதிந்தார், இன்னொருவர் குறிப்பு ஃபீல்டில் பதிந்தார். தம்பி எழுதிய புரொசீஜர் எந்த வடிவில் கொடுத்தாலும் வாங்கி, சரியா பிழையா என்று சொல்லி, பன்னிரண்டு இலக்க வடிவைத் திருப்பித் தரும். பழையதென்றால்: முன்னால் 19, ஆண்டு இரண்டு, நாள் மூன்று, பிறகு ஒரு பூச்சியம், மிச்சம். அந்த நாள் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூடியிருக்கும். அதிலிருந்து பிறந்த திகதியை எடுக்க அவன் ஒரு சின்னப் புரொசீஜர் எழுதினான், பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு நாள் பிந்தி வந்தது. காரணம், அந்த எண்ணைக் கொடுக்கும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. லீப் ஆண்டோ இல்லையோ, மார்ச் 1 என்றால் 61. அதைத் திருத்தியது ஒரே இடத்தில். இந்தக் கணக்கை எடுத்துப் பழைய புரோகிராம்களில் தேடினால், ஒன்று 29ஐத் தெரிந்து எழுதியிருக்கிறது, மற்றது தெரியாமல் எழுதியிருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி ஒரு நாள் பிந்திப் போனவர்கள் யாரும் முறைப்பாடு செய்யாததால் அது அப்படியே ஓடியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஆர்பிஜியைப் புதிய சுதந்திர வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிவிட்டு, நாங்கள் நவீனமாகிவிட்டோம் என்று சொல்கிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். திறந்து பார்த்தால் அதே சப்ரூட்டீன், அதே பொது ஃபீல்ட், அதே 37. வரிகள் இடப்பக்கம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். புதுப் பிள்ளைகளுக்கு வாசிக்க இலகு என்பதை மறுக்கவில்லை, நானும் புதிதாக எழுதுவதெல்லாம் அந்த வடிவத்தில்தான். ஆனால் நிரல் பார்த்து எழுதிய பழைய பாணி ஆர்பிஜி போரில், ஒழுங்கான பராமீட்டரோடு எழுதிய புரொசீஜர் ஒன்றை, சுதந்திர வடிவில் எழுதிய ஆயிரம் வரிச் சப்ரூட்டீனைவிட நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

அளவு பற்றி எல்லோரும் கேட்பார்கள். எனக்குத் திரைதான் அளவு. பச்சைத் திரை எடிட்டரில் ஒரே நேரத்தில் இருபது வரிகூடத் தெரியாது. இரண்டு தடவை பேஜ் டவுன் அடிப்பதற்குள் புரொசீஜர் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அதற்குள் இரண்டு வேலை நடக்கிறதா என்று பார்ப்பேன். மறுபக்கம், தம்பி ஒரு கட்டத்தில் இரண்டு எண்ணைக் கூட்டுவதற்கெல்லாம் புரொசீஜர் எழுதத் தொடங்கினான். அதைத் தடுக்கவும் வேண்டியிருந்தது. ஒரு வரியை வாசிக்க இன்னொரு சோர்ஸைத் திறக்கவேண்டி வந்தால் அண்ணை சொன்ன டிபக் கரைச்சல் உண்மையாகிவிடும். வெளியிலிருந்து மாறக்கூடிய விதி ஏதாவது உள்ளே இருக்கிறதா, வரியோ, அட்டை இலக்கமோ, கடன் எல்லையோ, அப்படி இருந்தால் எடு. இல்லையென்றால் அந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஸ்டொக் ஒதுக்கும் புரோகிராமுக்கு இன்னும் போகவில்லை. அதில் ஒரு ரெக்கோர்டை லொக் பண்ணிவிட்டு மூன்று சப்ரூட்டீன் தள்ளி விடுவிக்கிறது, நடுவில் எங்கே வெட்டினாலும் லொக் யார் கையில் இருக்கிறது என்று குழம்பும். அதைப் பிரிக்க முதலில் ஃபைலையே புரொசீஜருக்குள் அறிவிக்கும் வசதியைப் பாவிக்கலாமா என்று பார்க்கிறோம், 2008இலிருந்து அது முடியும். மாத முடிவு ரிப்போர்ட்டுகளைத் தொடும் எண்ணமே இல்லை. அவை ஆர்பிஜி சைக்கிளில் ஓடுபவை, ரெக்கோர்டை வாசிப்பதையும் கிளைக்குக் கிளை, பகுதிக்குப் பகுதி கூட்டுத்தொகை அடிப்பதையும் மொழியே பார்த்துக்கொள்ளும். அறுபது எழுபது வரியில் அழகாக முடிந்திருக்கிறது. அவற்றில் வற் வருகிற இடத்தில் மட்டும் புரொசீஜரைக் கூப்பிடும் ஒரு வரி போட்டாயிற்று. தம்பி அதையும் பிரித்து எழுதவா என்று கேட்டான், வேண்டாம் என்றேன்.